தகரத்தம்மனுக்குக் கண் வைத்தவள்

பனையடிவலசைப் பெண்கள் பிறந்ததிலிருந்து கடலைக் கேட்டிருக்கிறார்களே தவிர, நின்று பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஊருக்கும், அதன் மேற்கே வளைந்து கிடக்கும் கடலுக்கும் நடுவில் உடைமரம் அடர்ந்த ஓர் உடங்காடு, அதற்கப்பால் ஒரு மணல்மேடு, அதையும் தாண்டினால் கடல்தண்ணீர் உள்ளே ஏறிக் கிடக்கும் கழி, அவ்வளவுதான். காலையில் புறப்பட்டால் உலை வைக்கும் நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆடி அமாவாசைக்கு மட்டும் வண்டி கட்டித் தேவிபட்டினம் போவார்கள். அங்கேயும் முன்னால் நிற்பவள் முதுகைப் பார்த்தபடியே முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு வண்டி ஏறிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் வயல், ஊரணி, அடுப்படி. கடற்கரை வலைகாரர் பாடு, வேளாண்மை செய்கிற வீட்டுப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்பது ஊர் வழக்கம். போதாததற்கு, உடங்காட்டில் முனி இருக்கிறது என்று ஆண்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கள்ளுக்கடையை மூடிய நாளிலிருந்து அந்த ஆண்கள் பொழுது சாயும் முன்னே அந்தக் காட்டுக்குள்தான் போய்வந்தார்கள். முனி அவர்களை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு பெண்ணைத்தான் ஊர் தடுக்கவில்லை. அவள் பஞ்சம்மாள். முனி பிடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்பதுதான் காரணம். அவளைக் கட்டியவன் கல்யாணமான வருசமே தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனான். கடையில் நிற்கிறான் என்று இரண்டொரு தடவை ஆள் வழியாகச் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. செத்தான் என்று தாலியைக் கழற்றவும் வழியில்லை, இருக்கிறான் என்று பூ வைக்கவும் மனமில்லை. அண்ணன் வீரையா தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். மதினி கருத்தம்மாளைக் கொடுமைக்காரி என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் வீட்டுக்குள் இன்னொருத்தி மூச்சு விடுகிற சத்தம் அவள் காதுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பஞ்சம்மாள், விறகு கொண்டுவருகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். "முள்ளு வெட்டப் போறேன் மதினி" என்று சொல்லிவிட்டு அரிவாளைத் தூக்கினால், கூரைக்கு வெளியே அரை நாள் கிடைக்கும்.

அப்படிப் போனவள்தான் ஒரு தை மாதத்தில் மணல்மேட்டின் உச்சியில் ஏறி நின்றாள். கீழே கழி முழுக்க யாரோ இளஞ்சிவப்புச் சேலைகளை அலசி விரித்துப் போட்டாற்போல் இருந்தது. இங்கே எவர் வந்து துவைத்தார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் ஒன்றாக எழுந்து பறந்தது. எல்லாம் பூநாரை. சிவந்த நீளக் கால்களை வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு அவள் தலைக்கு மேலே வட்டம் போட்டுவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கின. பஞ்சம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தால் அல்ல, பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லையே என்றுதான். வீட்டுக்கு வந்து மதினியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். மதினி கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறகு ஈரமா இருக்கு" என்றாள்.

ஐம்பத்தைந்தாம் வருசத்துப் புயல் கார்த்திகையில் வந்து போனது. ஊரில் கூரைகள் போயின, பனைகள் சாய்ந்தன. கரையில் மட்டும் பண்டம் குவிந்து கிடந்தது. உடைந்த வள்ளங்களின் பலகைகள், விலா எலும்புபோல் வளைந்த வங்குக்கால்கள், தார் பீப்பாய்கள், கூரைத் தகரங்கள், அறுந்த வலைகள், சீசாக்கள் என்று கடல் தனக்கு வேண்டாததையெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருந்தது. பஞ்சம்மாள் ஒரு வள்ளத்தின் வளைந்த கால் ஒன்றை இழுத்துவந்து, உடங்காட்டின் ஓரத்தில் மண்ணில் ஊன்றி, நனைந்த சேலையை அதன்மேல் காயப்போட்டாள். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை. மறுநாள் ஊரணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த உலகம்மாள் கேட்டாள்:

"ஏ பஞ்சக்கா, அங்கன காட்டோரத்துல நிக்கிதே, ஆளு கணக்கா, அது என்னது?"

உலகம்மாள் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் ஓயாதவள். பஞ்சம்மாளுக்குக் குறும்பு தோன்றிற்று.

"போயித்தான் பாரேன்."

உலகம்மாள் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு உண்மையிலேயே போனாள். வாயால் எத்தனை சொல்லியும் வராதவர்கள் ஒரு கட்டையைப் பார்க்க வருகிறார்கள் என்பது பஞ்சம்மாளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப்பிறகு அவள் விறகு வெட்டியது கொஞ்சம், பொம்மை கட்டியது அதிகம். அந்த வளைந்த காலையே முதுகெலும்பாக வைத்து ஒரு பெண்ணைக் கட்டினாள். மார்புக்குத் தகரம், கைகளுக்குப் பனைமட்டை, கூந்தலுக்குக் கிழிந்த வலை, தலைக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். அந்தப் பெண்ணின் காலடியில் போய் நின்றால் மட்டும், மரங்களின் இடைவெளியில் அடுத்தது தெரியும். அது துடுப்புக் கழுத்தும் கூரைத்தகர இறக்கையுமாக ஒரு நாரை. நாரையிடம் போனால்தான் மணல்மேட்டு உச்சியில் கயிற்றுப் பிடரியோடு நிற்கிற பலகைக் குதிரை தெரியும். குதிரைக்கு அந்தப்பக்கம் கழியோரத்தில், தார் பீப்பாயை வயிறாக வைத்த ஓர் ஆவுளியா, அதாவது கடல்பசு, படுத்திருந்தது. வலையில் மாட்டிய ஆவுளியா கன்றுக்குப் பால் கொடுத்ததை அவள் ஒருமுறை கரையில் பார்த்திருக்கிறாள். ஒன்றிடம் போனால்தான் அடுத்தது கண்ணில் படவேண்டும் என்பதில் கவனமாக இருந்தாள். எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்துவிட்டால் எவள் நடப்பாள்?

பழைய இரும்பு எடுக்க சைக்கிளில் வரும் ஹமீது சுல்தான் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்ல தகரத்தையெல்லாம் மண்ணுல நட்டு வச்சிருக்கியே, மொளைக்குமா?" என்று கேட்டார். "மொளைக்கும் பாய்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, கட்டுவதற்குக் கம்பி கொடுத்துவிட்டுப் போனார்.

முளைக்கத்தான் செய்தது. முதலில் உலகம்மாள், பிறகு அவள் கூட்டிவந்த இருவர், பிறகு நாலைந்து பேர், எல்லாரும் விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மேட்டில் ஏறி முதன்முதலாகக் கழியைப் பார்த்தபோது உலகம்மாளுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராதது ஊரில் அது ஒரு தடவைதான். பிறகு மணலில் படுத்து உருண்டு சிரித்தாள். தாழம்புதருக்குள் நண்டு ஓடுகிற வழி, தண்ணீர் வற்றும்போது சேற்றில் விழுகிற கோலங்கள், ஒற்றைக்காலில் தூங்குகிற பறவை என்று ஒவ்வொருத்திக்கும் ஒன்று பிடித்துப்போயிற்று. சிப்பிகளைப் பொறுக்கி விறகுக் கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஊரில் திடீரென்று விறகுக்குப் பஞ்சமில்லாமல் போனதை மட்டும் ஆண்கள் கவனித்து, சந்தோஷப்பட்டார்கள்.

பங்குனியில் பரமக்குடியிலிருந்து சேதி வந்தது. பஞ்சம்மாளின் சின்னம்மா மீனம்மாள் அங்கே தனியாளாக இருந்தாள். தறிக்காரர் வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பு. "எனக்குக் கையி முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. நீ வந்துரு. ரெண்டு பேருமாச் சுத்திச் சாப்பிடுவோம். உன்னைய யாரும் எவன் பொண்டாட்டின்னு கேக்க மாட்டாங்க" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தாள். கடைசி வார்த்தையைப் பஞ்சம்மாள் சேதி கொண்டுவந்தவனைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். வீரையா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, "சித்திரை கழியட்டும், போ" என்றான். மதினி அன்றைக்கு அவளுக்கு மீன் வைத்துப் போட்டாள்.

போவது உறுதியானதும் அவளுக்கு ஒரே ஒரு கவலை. தான் போய்விட்டால் ஊரணிக் கரையில் நின்று "போயிப் பாருங்களேன்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? காட்டோரத்தில் உடைமரம் தழைத்து, முதல் பொம்மையை மறைக்க ஆரம்பித்திருந்தது. இனிமேல் வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு அது நிற்பதே தெரியாமல் போய்விடும். வெயில் பட்டால் தூரத்துக்கும் மின்னுகிற மாதிரி எதையாவது அதன்மேல் பதித்துவிட்டால், அதுவே கூப்பிட்டுக்கொள்ளும். தலையாக இருந்த மண்ணெண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டைகள் இருந்தன, ஒன்று எண்ணெய் ஊற்றக் கடைக்காரன் குத்தியது, இன்னொன்று காற்றுக்காக. தார் பீப்பாயில் ஒட்டியிருந்த கீலைக் காய்ச்சி, அந்த ஓட்டைகளில் இரண்டு நீலச் சீசாக்களின் அடியை வைத்து ஒட்டினாள்.

இங்கேதான் அவள் செய்த காரியம் என்ன என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவி செய்வார்கள். மண் வனைகிற வேளார் வீட்டு முற்றத்தில் அந்தக் குதிரை எத்தனை நாள் நின்றாலும் அது மண்தான். கோழி அதன் முதுகில் ஏறி உட்காரும், யாரும் விரட்டுவதில்லை. கண் திறந்துவிட்டால் அது சாமி. அப்புறம் அதை அசைக்க யாருக்கும் உரிமை இல்லை. இது பஞ்சம்மாளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் நாரைக்கும் குதிரைக்கும் ஆவுளியாவுக்கும் கண்ணே வைக்காமல் விட்டிருந்தாள். ஆனால் ஊருக்குப் போகிற அவசரத்தில், மின்னவேண்டும் என்கிற ஒரே நினைப்பில், கையில் இருந்தது சீசா, கண்ணில் பட்டது ஓட்டை.

அன்று மாலை கருத்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். காட்டுப் பக்கம் சாய்ந்த வெயில் கிளைகளின் ஊடே நுழைந்து, டின்னின் துருவேறி இற்றுப்போன பின்பக்கம் வழியாக அந்தச் சீசாக்களில் மின்னிற்று. "ஆத்தே, முழிச்சுப் பாக்குறா!" என்று கத்திக் குடத்தைப் போட்டு உடைத்தாள். பொழுது அடங்குவதற்குள் இடி இடித்து, சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத மழை கொட்டித் தீர்த்தது. கோடை மழை வருசா வருசம் எங்காவது பெய்கிறதுதான். அந்த வருசம் பனையடிவலசையில் பெய்தது.

மறுநாள் அய்யனார் கோயில் பூசாரி மலையாண்டி, ஊர் கூடி நிற்க, பஞ்சம்மாளை அந்தப் பொம்மை முன்னால் நிறுத்தி விசாரித்தார். கெட்ட மனிதர் அல்ல. முறை தவறக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர்.

"ஏத்தா, கண்ணு வச்சது நீதானா?"

"கண்ணு வைக்கல மாமா. சீசா வச்சேன்."

"எதுல வச்ச?"

"ஓட்டையில."

"ஓட்டை எங்கன இருந்துச்சு?"

"மூஞ்சியில."

"மூஞ்சியில ரெண்டு வச்சா அதுக்கு ஊருல என்ன பேரு?"

மலையாண்டி பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார்.

"என்ன கெழமை?"

"வெள்ளி."

"தலைக்கு ஊத்தியிருந்தியா?"

"புழுக்கமா இருந்துச்சு மாமா. போற வழியில ஊரணியில முழுகினேன்."

"அப்ப ஈரச்சேல. ஆத்தா எந்தத் தெசை பாக்குறா?"

"ஊரணிப் பக்கம்."

"ஊரணி?"

"கெழக்க" என்றாள், குரல் உள்ளே போய்விட்டது.

மலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிட்டது. யாரோ தகரத்தம்மன் என்று சொன்னார்கள். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அடுத்த வாரத்துக்குள் அம்மனைச் சுற்றி முள்வேலி வந்தது. அம்மன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற காடு அவள் புழங்குகிற இடம், அங்கே பெண்வாடை ஆகாது என்று தீர்மானமானது. பெண்கள் வேலிவரைக்கும் வந்து, சூடம் காட்டி, திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான். யாரைக் காட்டுக்குள் கூப்பிடுவதற்காக அந்தப் பொம்மையைச் செய்தாளோ, அவர்களை மறித்துக்கொண்டு அதுவே நின்றது. உலகம்மாள் இதையெல்லாம் சட்டை செய்யாமல் ஒருநாள் வேலியைச் சுற்றிக்கொண்டு கழிக்குப் போய்வந்தாள். அவள் புருசன் அடித்த அடியில் பல நாள் தண்ணீருக்கு வரவில்லை. எழுந்து வந்தபோதும் காட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல் குடத்தையே பார்த்து நடந்தாள்.

பஞ்சம்மாளின் கதி வேறுவிதமாகப் போயிற்று. உருக்கொடுத்தவள் உடம்பில்தான் ஆத்தா இறங்குவாள் என்று மலையாண்டி சொன்னார். வைகாசியில் பொங்கல் வைத்துக் கும்பிடுவது என்று முடிவாகி, அவள் கையில் மஞ்சள் காப்பைக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது. சாமி இறங்குகிற உடம்பானால், ஆத்தாளே உத்தரவு கொடுத்தாலொழிய, என்றைக்குமே தாண்டக் கூடாது. வீரையா தங்கச்சி எதிரில் சட்டமாக உட்காருவதை விட்டான். மதினி அவளுக்கு முதல் சோறு போட்டுவிட்டுக் கைகட்டி நின்றாள். பஞ்சம்மாள் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். வேண்டாத ஆளாக இருந்தபோது அரிவாளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவாவது முடிந்தது. இப்போது வாசல்படி தாண்டினால் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள்.

சித்திரை கழிந்தும் ஆளைக் காணோமே என்று மீனம்மாள் தானே புறப்பட்டு வந்தாள். மஞ்சள் சேலையும் காப்புமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, கூட இருந்தவர்களைத் தண்ணீர் கேட்டு அனுப்பினாள்.

"என்னத்தடி செஞ்சு வச்சிருக்க?"

"சீசாவ ஒட்டினேன் சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் பஞ்சம்மாள் அவள் மடியில் கவிழ்ந்துகொண்டாள்.

மீனம்மாள் அழுகிற ஆள் அல்ல. யோசிக்கிற ஆள். "பொங்கலன்னிக்கு வாக்குக் கேப்பாங்கல்ல?" என்றாள்.

"கேப்பாங்க. ஆத்தா ஒரு வாக்குத்தான் சொல்லணுமாம். சொன்னா மலையேறிருவாளாம். மொத வாக்கு என்னவோ அதுதான் கோயிலுக்குச் சட்டமாம்."

"ஒண்ணு போதும்டி. பரமக்குடியில முத்தாலம்மன் இருக்கால்ல, அவதான் என் அக்கா, அவளப் போயிப் பாக்கணும்னு சொல்லு. ஆத்தா கேட்டா எவன் மாட்டேங்குறான்னு பாப்போம். போனவ அங்கனயே தங்கிட்டா எவன் வந்து இழுக்கப்போறான்?"

பஞ்சம்மாள் தலையைத் தூக்கினாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த வாக்கை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். குளிக்கும்போது சொன்னாள், தலை சீவும்போது சொன்னாள். எந்த இடத்தில் குரலை உயர்த்தவேண்டும் என்பதுகூட அவளுக்குப் படிந்துவிட்டது.

பொங்கல் அன்று பொழுது ஏறுமுன்பே கொட்டு முழங்கியது. பானைகள் வேலிக்கு வெளியே பொங்கின. பஞ்சம்மாளுக்குக் கரகத்தைத் தலையில் தூக்கி வைத்தார்கள். உடம்பு சிலிர்த்ததா, நடுங்கியதா என்று கேட்டால், பட்டினி இருந்தவளை வெயிலில் நிறுத்திக் காதருகே கொட்டடித்தால் யாருக்கும் நடுங்கத்தான் செய்யும். அவள் நினைப்பெல்லாம் அந்த வாக்கின் மேலேயே இருந்தது. மீனம்மாள் கூட்டத்தின் முன்வரிசையில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா! ஊரு சனம் காத்து நிக்கிது. ஒரு வாக்குச் சொல்லு தாயி!" என்று மலையாண்டி கை கூப்பினார்.

கொட்டு நின்றது. பஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். அப்போது ஆண்களின் தலைகளுக்குப் பின்னால் பெண்கள் நிற்பது தெரிந்தது. அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்கள். உலகம்மாள் எல்லாருக்கும் கடைசியில், காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பொங்கல் பானையையே பார்த்தபடி நின்றாள். தான் இன்றைக்கு ரயிலேறிப் போய்விட்டால் இந்த வேலி இவர்கள் காலத்துக்கும் இப்படியேதான் இருக்கும், அதைப் போட்டது மலையாண்டி அல்ல, தானேதான் என்று பஞ்சம்மாளுக்குத் தோன்றியது.

"எம் புள்ளைகள எதுக்குடா மறிச்ச?" என்று கத்தினாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பொம்பளைக எல்லாரும் எம் முதுகுக்குப் பின்னால போகணும்! காட்டத் தாண்டி, மேட்டத் தாண்டி, கழி வரைக்கும் போகணும்! எவனாச்சும் குறுக்க நின்னான், இந்த ஊருல ஒரு பொட்டு மழை விழுகாது!"

மலையாண்டி மண்ணில் விழுந்து, "உத்தரவு ஆத்தா, உத்தரவு" என்றார். எழுந்ததும் கைநிறையத் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்பினார். ஆத்தா மலையேறிவிட்டாள்.

சாயங்காலம் மீனம்மாள் தன் மூட்டையைக் கட்டினாள். "ஏண்டி அதச் சொன்ன?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

"வாயில அதுதான் வந்துச்சு சின்னம்மா."

"எனக்கு உசுரு இருக்க வரைக்கும் எடம் இருக்கு. எப்ப வழி கெடைச்சாலும் வா" என்று சொல்லிவிட்டு மீனம்மாள் தனியாக ரயிலடிக்கு நடந்தாள். சாமியாடி வழியனுப்ப எல்லைவரைக்கும் போகலாம். அதுவரைக்கும் பஞ்சம்மாள் போனாள்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன. ஆண்கள் வேலியில் ஒரு வழி திறந்து ஒதுங்கி நின்றார்கள். பெண்கள் முதலில் பயந்து பயந்தும், பிறகு சிரித்துக்கொண்டும், பிறகு பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும் போனார்கள். மாமியார்கள்கூடப் போனார்கள். சும்மாவும் போகவில்லை. வழியில் கிடைத்த தகரம், ஓட்டைப் பாத்திரம், அறுந்த கயிறு என்று எதையாவது எடுத்துக்கொண்டு போய், புதிது புதிதாகக் கட்டி வைத்தார்கள். தாழம்புதர்ப் பக்கம் ஈயச்சட்டி நண்டு ஒன்று, நல்ல தண்ணீர் ஊறுகிற இடத்தைக் காட்ட அகப்பைக் கழுத்துக் கொக்கு ஒன்று என்று காட்டுக்குள் வழிகள் பெருகின. எதற்கும் அவர்கள் கண் வைக்கவில்லை.

பஞ்சம்மாளுக்கு மட்டும் அந்த வழி கிடையாது. பெண்கள் காட்டுக்குள் போனபிறகு அவர்கள் முதுகுக்குக் காவலாக ஆத்தா இருந்த இடத்தில் இருக்கவேண்டும், ஆத்தா இருக்கிற இடத்தில் அவள் உடம்பு இருக்கவேண்டும் என்று மலையாண்டி முறை வகுத்தார். அதனால் கடைசிப் பெண் திரும்பி வருகிறவரைக்கும் தகரத்தம்மன் காலடியில், கிழக்கே பார்த்து, ஊரணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பின்னால் தூரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் அவர்கள் வந்ததும் அவளைச் சுற்றி உட்கார்ந்து என்னென்ன பார்த்தோம் என்று சொன்னார்கள். வருசம் போகப்போக, கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. வாராவாரம் பார்க்கிற கடலைப் பற்றி யார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்? ஆனால் எனக்கு அவர்கள் மேல் கோபம்தான். பூநாரையை முதலில் பார்த்தவள் அவள்தானே.

அறுபத்து நாலு மார்கழிப் புயல் வந்து தனுஷ்கோடியைத் தின்றது. பனையடிவலசையில் தகரத்தம்மனைக் கொண்டுபோயிற்று. காற்று அடங்கியபின் போய்ப் பார்த்தால், வள்ளக்கால் நின்ற குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மலையாண்டிக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. குழியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆத்தா கடலேறிட்டா. பஞ்சம்மா, இனிமே உன் உடம்பு உன்னோடது" என்றார்.

பஞ்சம்மாள் முதலில் கழிக்குத்தான் ஓடினாள். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, மேட்டில் ஏறினாள். கழியின் வாய் இடம் மாறியிருந்தது, தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அக்கரையோரம் பத்திருபது பூநாரைகள் மட்டும் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. போதும் என்று தோன்றுகிறவரைக்கும் நின்று பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சேலைகளை மூட்டையாகக் கட்டினாள். சின்னம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள், பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஐப்பசியிலேயே சேதி வந்திருந்தது.

தலைமுழுகிவிட்டுப் புறப்படலாம் என்று வெளியே வந்தபோது முற்றத்தில் உலகம்மாள் நின்றாள். பிள்ளை பெற்றுத் தடித்துப்போயிருந்தாள், வாய் மட்டும் அப்படியேதான். அவள் கையில் புது மண்ணெண்ணெய் டின். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர், கையில் தகரமும் வலையும் கட்டையுமாக நின்றார்கள்.

"ஆம்பளைக முள்ளு போட்டு அடைச்சுட்டாங்கக்கா. ஆத்தா இல்லாத காட்டுல பொம்பளைக்கு என்ன சோலின்னு கேக்குறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஆளுக்கொரு பொம்மை கட்டுனவங்கதானே நீங்க. இதையும் கட்டிக்கங்க."

"கட்டிருவோம்க்கா. நாங்க வச்சா அது சீசா. நீங்க வச்சாத்தான் கண்ணு."

பஞ்சம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் போகணும்டி" என்றாள். "உங்களுக்காக ஒரு தடவ இருந்தேன். எனக்குப் போகணும்டி. எஞ் சின்னம்மா சாகக் கெடக்கா."

போகாதே என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். யாரும் சொல்லவில்லை. உலகம்மாள் டின்னைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் கொண்டுவந்ததை இறக்கி வைத்துவிட்டு, அவள் போவதற்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவளை நிமிர்ந்து பார்க்காமல், அன்றைக்குப் பொங்கல் பானை முன்னால் நின்றதைப் போலவே, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சம்மாள் அவர்கள் நடுவில் கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து மூட்டையை முற்றத்துச் சுவரோரம் வைத்தாள். டின்னை எடுத்து மடியில் வைத்து இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எங்கும் மழமழவென்றிருந்தது.

"ஓட்டையே இல்லாத டின்னத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். "யாராச்சும் ஒரு ஆணி கொண்டாங்கடி."